எட்டாம் நம்பர் ஷூ

ஞாயிறு இரவு, பூன் லே.

கையை மூன்று தடவை கழுவிவிட்டேன். பாலிஷ் வாடை போகவில்லை.

போன வாரம் மகள் கல்யாணத்துக்கென்று கருப்பு ஷூ வாங்கிப்போன தோ பாயோவில் இருக்கும் அண்ணன் இன்று நான் வேலை செய்யும் ஷூ கடைக்கு வந்தார். காலில் சிலிப்பர், இரண்டு குதிகாலிலும் பிளாஸ்டர், கையில் அந்த ஷூ. அவர் கால் ஒன்பதாம் நம்பர். அது தீர்ந்துபோயிருந்ததால் எட்டாம் நம்பரை மாட்டிவிட்டு, "லெதர்லா அண்ணே, போடப் போட இளகிடும்" என்று சொன்னது நான்தான். அது லெதரே இல்லை. வெட்டிய ஓரத்தைப் பார்த்தாலே உள்ளே துணி தெரியும். துணிமேல் பூசிய பிளாஸ்டிக் எந்தக் காலத்தில் இளகியது?

சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஷூவ குறை சொல்ல முடியாது தம்பி. என் கால்தான் அகலம்" என்றார். மண்டபத்தில் ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் நின்றாராம். "எல்லா போட்டோலயும் நாற்காலிக்குப் பின்னாடி நிக்கிறேன்" என்று சிரிப்பு வேறு. "அடுத்த வாரம் மாப்பிள்ளை வீட்டு விருந்துக்கும் இதத்தான் போடணும். பாலிஷ் போட்டா கொஞ்சம் இளகுமா?"

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். முதலாளிகூடக் கடையில் இல்லை. யாருக்குப் பயந்தேன்?

ஒரு டப்பாவைத் திறந்து, எப்படித் தேய்க்க வேண்டும் என்று அவர் ஷூவிலேயே விரலால் தேய்த்துக் காட்டினேன். ச்சீ.

இரண்டு டப்பா வாங்கிக்கொண்டார். பாலிஷ் படிந்த இந்தக் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டு, நொண்டிக்கொண்டே போனார்.