புதுக் காருக்கும் எண்ணெய் மாற்ற வேண்டும்

"வாங்கி ஆறு மாசந்தான் ஆவுது. புது வண்டிக்கு இன்னாத்துக்கு மராமத்து?" என்று 1937-இல் பூந்தமல்லி ஜானகிராமன் மனைவி தாட்சாயிணியிடம் சத்தம் போட்டார். மறுநாள் அவர் வயலுக்குப் போனதும் தாட்சாயிணி சீட்டு எழுதி வைத்தாள்:

"காரைப் பட்டணத்து ஒர்க்‌ஷாப்புக்கு நானே ஓட்டிப் போகிறேன். எண்ணெய் மாற்றி, பிரேக்கைப் பார்க்க வேண்டும். வண்டி புதுசாகவே இருக்கணும்னா இப்பவே பார்க்கணும். கத்திரிக்காய்க் குழம்பு அடுப்படியில் இருக்கிறது. கோபத்தில் பட்டினி கிடக்காதீர்கள்.

பி.கு.: தனியாக ஓட்டுவது இதுதான் முதல் தடவை. பயமாகவும் இருக்கிறது, குஷியாகவும் இருக்கிறது."

சாயங்காலம் பிரேக் சரியாகி, எஞ்சின் பூனைபோல் மெல்ல உறும, வீடு திரும்பினாள். சீட்டின் அடியில் கணவர் நுணுக்கி எழுதியிருந்தார்:

"குழம்பு தீந்துபோச்சு. நாளைக்குத் திருவள்ளூருக்கு நீயே ஓட்டு. நான் பக்கத்துல குந்திகினு வரேன்."