என் பிழையையும் சேர்த்துத் திருடினார்கள்

மார்ச் 3, செவ்வாய்

விற்பனைப் பிரிவுக்காரர் மத்தியானம் ஒரு வால்வைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். “நம்ம விலையில பாதி. ஆஸ்பத்திரிக்காரங்க எல்லாம் இப்ப இதைத்தான் கேக்கிறாங்க.” வெளிநாட்டுக் கம்பெனி. ஆக்ஸிஜன் குழாயில் பொருத்துவது. நான் வரைந்த அதே உருவம், ஒரு வளைவுகூட மாறவில்லை.

ரப்பர் வளையம் உட்காரும் பள்ளத்தின் ஆழத்தை அளந்தேன். 2.6 மில்லிமீட்டர். மறுபடி அளந்தேன். அதே 2.6. வால்வை மேஜை டிராயருக்குள் வைத்துப் பூட்டினேன்.

மார்ச் 4, புதன்

இங்கேயாவது உண்மையை எழுதிவிடுகிறேன். சரியான ஆழம் 2.4. ஆறு வருஷத்துக்கு முன்னால் எங்கள் வால்வின் வரைபடத்தில் 2.6 என்று போட்டுத் தொலைத்தவள் நான்.

முதல் தடவை செய்தபோதே ஃபோர்மேன் கண்டுபிடித்துவிட்டார். வளையம் தொளதொளவென்று ஆடியது. “படத்தை மாத்தணும்னா ஓனர் கையெழுத்து, வாங்குறவங்க கையெழுத்து, திரும்பவும் சோதனை… இழுத்தடிச்சிடுவாங்க. நான் பாத்துக்கறேன், விடும்மா” என்றார். மெஷினில் 2.4 வைத்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். எங்கள் வால்வு ஒன்றுகூடக் கசிந்ததில்லை. இது தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டே பேர்.

மார்ச் 9, திங்கள்

அரசாங்கத்திலிருந்து இணையக் குற்றங்களை விசாரிக்கும் அதிகாரி வந்தார். பெண். வெடுக் வெடுக்கென்று பேசுகிறார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வெளிநாட்டிலிருந்து யாரோ எங்கள் கம்ப்யூட்டருக்குள் புகுந்து படங்களை அள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். அந்தக் கம்பெனிக்காகத்தான் என்று சந்தேகம். அதன் மேல் தடை போட அரசு தயார். இங்கே விற்க முடியாது, சொத்துகள் முடக்கப்படும், தலைவர்கள் நாட்டுக்குள் நுழைய முடியாது.

“ஆனா அவங்க என்ன சொல்றாங்க தெரியுமா? கடையில வாங்கினோம், பிரிச்சோம், அளந்தோம், செஞ்சோம்னு சொல்றாங்க. அதை உடைக்கணும். படத்துல மட்டும் இருந்து பொருள்ல இல்லாத ஏதாவது ஒண்ணு காட்டுங்க. இல்லன்னா தடை நிக்காது.”

“அப்படி எதுவும் இருக்காதே மேடம். எங்க படமும் பொருளும் ஒண்ணுக்கொண்ணு அச்சு” என்றார் ஓனர், பெருமையாக. நான் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 10, செவ்வாய்

வீட்டுக்காரரிடம் சொன்னேன். “சும்மா இருக்கிற வாயைக் கொடுத்து மாட்டிக்காதே. திருடனைப் பிடிக்கிறது போலீஸ் வேலை” என்றார். தப்பில்லை. என் வேலை போனால் வேறு தேடிக்கொள்ளலாம். ஃபோர்மேன் ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதம் இருக்கிறது. இந்த வயதில் அவரை யார் எடுப்பார்கள்?

மார்ச் 12, வியாழன்

அந்த வால்வைத் திறந்து மூடி, திறந்து மூடிச் சோதித்தேன். நாற்பதாவது தடவை சோப்புத் தண்ணீரில் குமிழி வந்தது. கசிகிறது. இதைத்தான் நோயாளிகளின் தலைமாட்டில் மாட்டிவைத்திருக்கிறார்கள். திருடினவனுங்க திருடினானுங்க — ஆனா தப்பு யாரோடது? என்னோடது. என்னோடதுதானே?

மார்ச் 13, வெள்ளி

ஃபோர்மேன் கை கழுவிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

“என்னை எதுக்குக் கேக்கிற? நான் வேணாம்னா விட்டுடுவியா?”

“உங்க பேரை இழுக்கவே மாட்டேண்ணா.”

சிரித்தார். “அப்ப 2.4 எங்கிருந்து வந்துச்சு? மெஷினுக்குக் கனவுல வந்துச்சா?”

மார்ச் 16, திங்கள்

சொல்லிவிட்டேன். அதிகாரியிடம், ஓனரை வைத்துக்கொண்டே. அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். “எழுத்துல இருக்கா? வாயால சொன்னா செல்லாது.” இல்லை என்றேன்.

கதவருகே ஃபோர்மேன் நின்றிருந்தார். யாரும் கூப்பிடவில்லை. கையில் எண்ணெய்க் கறை படிந்த ஒரு நோட்டு. ஆறு வருஷத்துக்கும் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு வரி: தேதி, படத்தில் 2.6, வைத்தது 2.4, கையெழுத்து. இப்படி ஒன்று எழுதிவருகிறார் என்பதே எனக்குத் தெரியாது. “இது போதும்” என்றார் அதிகாரி. ஓனரின் முகம் கறுத்துவிட்டது.

மார்ச் 17, செவ்வாய்

ஃபோர்மேனை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். அனுமதியில்லாமல் அளவை மாற்றினாராம். எனக்கு வெறும் எச்சரிக்கைக் கடிதம். தப்பு பண்ணவ உள்ளே, சரி பண்ணவர் வெளியே — என்ன நியாயம் இது! ஓனர் அறைக்குப் போய் நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். வாசல்வரை போனேன். திரும்பி வந்துவிட்டேன்.

ஏப்ரல் 2, வியாழன்

ஃபோர்மேனுக்கு ஃபோன் செய்தேன். எடுக்கவில்லை.

ஏப்ரல் 20, திங்கள்

படத்தில் 2.6-ஐ அழித்து 2.4 போட்டேன். எல்லாக் கையெழுத்தும் ஒரே வாரத்தில் வந்துவிட்டது.

ஜூன் 19, வெள்ளி

தடை அறிவித்துவிட்டார்கள். அந்தக் கம்பெனி மேலும், அதன் தலைவர்கள் மூன்று பேர் மேலும். அந்த வால்வுகளை உடனே கழற்றச் சொல்லி எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் உத்தரவு போயிருக்கிறது. அறிவிப்பில் “வரைபடத்தில் மட்டுமே உள்ள ஓர் அளவு” என்று ஒரு வரி. எங்கள் பெயர்கள் எங்கும் இல்லை. விற்பனைப் பிரிவுக்காரர் தரையில் கால் பாவாமல் திரிகிறார். எனக்கும் நிம்மதிதான். அந்த வால்வுகள் கழன்றால் போதும் என்றிருந்தது.

ஜூன் 22, திங்கள்

ஓனர் கூப்பிட்டனுப்பினார். வரைபடப் பிரிவுக்கு இனி நான்தான் தலைமை. “உன்னாலதான் இவ்வளவும்” என்று கை கொடுத்தார்.

ஃபோர்மேனைத் திரும்ப எடுத்தால்தான் ஒப்புக்கொள்வேன் என்று சொல்ல வேண்டும். படியேறும்போதே மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் போனேன்.

“ரொம்ப நன்றி சார்” என்றேன்.