திருப்பி வாங்க முடியாத மேளம்

கலேவெல,
2008 மாசி.

அன்புள்ள புஷ்பவதிக்கு,

நான் சுகம். பசறையில் மழையா? உன் முழங்கால் வலி எப்படி? இது நானே என் கையால் எழுதுவது. வாசித்துக் காட்டும் வேலம்மாவிடம் அதைச் சொல்.

நான் காவல் இருக்கும் கம்ப்யூட்டர் கடை முதலாளி மக்கீன், மேளம் அடிக்கும் மென்பொருள் ஒன்று செய்கிறார். திரையில் கட்டம் கட்டமாக இருக்கும். கட்டத்தில் அழுத்தினால் அங்கே ஓர் அடி விழும். அதிலுள்ள தமிழ்ச் சொற்களைப் பார்த்தே எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகினேன். எனக்குப் புரியாத சொல்லை மாற்றிவிடுவார். "ஐயா, ஒங்களுக்கு வெளங்கினா ஊருக்கே வெளங்கும்" என்பார்.

போன கிழமை நானே ஒரு மேளம் போட்டேன். ஊரில் அடித்த கைப்பழக்கத்தில் சாவு மேளம் வந்துவிட்டது. அவருக்குப் பிடித்துப்போய், மென்பொருளிலேயே மாதிரியாகச் சேர்த்து, யாரும் சும்மா எடுத்துக்கொள்ள இன்டர்நெட்டில் விட்டுவிட்டார். பிணம் இல்லாமல் அதை அடிக்கக் கூடாது, எடுத்துவிடுங்கள் என்றேன்.

"நான் அழிச்சாலும் எடுத்தவங்ககிட்ட இருக்குமே ஐயா. திருப்பிக் கேக்க ஏலாது."

நீ பயப்படாதே. வவுனியாவுக்கு வேலைக்குப் போன நம் மகன் கணபதியிடமிருந்து தீபாவளிக்குப் பிறகாவது தகவல் வந்ததா? முனியாண்டிக்குச் சூடம் கொளுத்து. என் பழைய கம்பளியை அனுப்பு.

மக்கீன் தபாலுக்குக் கிளம்பிவிட்டார். ஒன்று மட்டும் சொல்கிறேன். நாம் அடிக்கும் மேளம் மயானத்தில் போய் நிற்கும். இது கடைசிக் கட்டம் முடிந்ததும் முதல் கட்டத்துக்கே திரும்பிவிடுகிறது. மயானத்துக்குப் போவதே இல்லை.

உன்
அழகமுத்து