பதிலுக்குக் காத்திருந்த வகுப்பு

செம்பாக்கம்,
ஞாயிறு காலை.

அன்பு மகள் மஹீனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் அத்தாவும் நல்ல சுகம், நீயும் மருமகனும் அந்தக் குளிரில் சுகமாக இருக்க துஆ செய்கிறோம். அத்தாவுக்கு சுகர் இறங்கியிருக்கிறது, ஆனாலும் அஸ்தினாபுரம் பேக்கரிப் பக்கம் போவதை விடவில்லை, நீதான் போனில் கொஞ்சம் மிரட்ட வேண்டும்.

எங்கள் ஸ்கூலில் புதிதாகக் கெசியா என்று ஒரு டீச்சர் வந்திருக்கிறாள், இங்கிலீஷில் பிஎச்.டி., உன் வயசுதான். இங்கிலீஷ் டீச்சர்கள் எல்லோரும் தங்கள் வகுப்பையே ஆராய்ச்சி செய்து தாம்பரத்தில் ஒரு கருத்தரங்கில் படிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. தபாலில் படித்த பி.ஏ.வும் ஒரு பி.எட்.டும் வைத்திருக்கிற நான் எங்கே, ஆராய்ச்சி எங்கே. என்னை கெசியாவோடு சேர்த்துவிட்டார்கள். பிள்ளைகள் ஏன் இங்கிலீஷில் வாய் திறப்பதில்லை என்று பார்க்க வேண்டும். வீட்டில் யாரும் பேசுவதில்லை, அதான் காரணம் என்று நான் சட்டென்று சொல்லிவிட்டேன். "அக்கா, அது நீங்க நினைக்கிறது. கிளாஸ்ல என்ன நடக்குதுன்னு முதல்ல பாப்போமே" என்றாள். எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. இருந்தாலும் அவள் சொன்னபடி தலைமையாசிரியை பெரியம்மா டீச்சரிடம் அனுமதி வாங்கி என் வகுப்பை போனில் பதிவு செய்தேன். சாயங்காலம் மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனவள் அங்கேயே உட்கார்ந்து கேட்டேன். யாரோ ஒரு பெண் கேள்வி கேட்கிறாள், மூச்சு விடுவதற்குள் அவளே பதிலும் சொல்கிறாள். அந்தப் பெண் நான்தான் மஹீன். அழித்துவிடலாம் என்றுதான் கை போனது. மறுநாள் கெசியா, "அழிச்சிடாதீங்க அக்கா, நம்ம கையில இருக்கிற ஆதாரமே அதான். என் குரலை நான் இதுவரை போட்டுக் கேட்டதே இல்ல, பயம்" என்றாள்.

பிறகு கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கப் பழகினேன். அந்த மௌனம் எப்படி இருந்தது தெரியுமா, வகுப்பே தண்ணீருக்குள் இறங்கிவிட்டது போல. ஃபேன் சுற்றுகிறது, எங்கோ ரயில் கூவுகிறது, ஏரிக்காற்று வந்து தாள்களைத் தொட்டுவிட்டுப் போகிறது. வரும் வழியில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டிருந்தேன். வருஷம் முழுக்கப் பேசாத அனுப்பிரியா மெல்ல எழுந்து, ஏரி அசையாமல் நின்றது, நான்தான் நகர்ந்துகொண்டிருந்தேன் என்று உடைந்த இங்கிலீஷில் சொன்னாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒரு பிள்ளை பேசினால் முடிவாகிவிடாது, இன்னும் பல வகுப்புகள் பார்க்க வேண்டும் என்று கெசியா என்னைத் தரைக்கு இறக்கினாள். பார்த்தோம். பலர் பேசினார்கள், சிலர் கடைசிவரை பேசவில்லை. இரண்டையும் எழுதினோம்.

போன வாரம் கருத்தரங்கு. மேடையில் வரவேற்றவர் டாக்டர் பட்டம் வாங்கியவர் யார் என்று தேட, கெசியா என்னை முன்னால் தள்ளி, "அக்காவோட வகுப்பு, அவங்கதான் படிக்கணும்" என்றாள். ஒரு வரி விடாமல் படித்து முடித்தேன். அந்தச் சில பிள்ளைகள் ஏன் பேசவில்லை என்று ஒரு பேராசிரியர் கேட்டார். பழைய ஹஃபீசாவாக இருந்தால் உடனே ஒரு காரணம் சொல்லியிருப்பாள். நான் சற்று நின்று, எனக்குத் தெரியாது சார், இனிமேல்தான் பார்க்க வேண்டும் என்றேன். இத்தனை வருஷத்தில் தெரியாது என்று ஒரு டீச்சராக நின்று சொன்னது அதுதான் முதல் தடவை. வெளியே மரநிழலில் நடந்து வரும்போது கால் தரையில் படாதது போலிருந்தது.

அல்லாஹ் உங்கள் இருவருக்கும் பரக்கத் செய்வானாக. டாக்டர் எழுதிக் கொடுத்த வைட்டமின் மாத்திரையை மறக்காமல் போட்டுக்கொள். நான் மேலே படிக்கலாமா என்று அத்தாவிடம் இன்னும் கேட்கவில்லை, அப்ளிகேஷனைப் போட்டுவிட்டுச் சொல்லலாம் என்றிருக்கிறேன், நீ முந்திக்கொள்ளாதே.

இப்படிக்கு, உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
ஹஃபீசா.