இரண்டாவது ஊசிக்கு முன்

நியாலாஸ்
7.3.2025

அன்புள்ள டாக்டர் ரோகினி அக்காவுக்கு,

திவ்யதர்ஷினி எழுதுவது. பகாங் காட்டில் அட்டை அதிகமாமே? அங்கே சிக்னலும் இல்லையாம். சிக்னல் இருந்தாலும் போனில் எனக்குப் பேச்சு வராது. காந்தன் அண்ணனின் சாமான் லாரியில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

காப்பகத்தில் புலி நலம். திங்கட்கிழமை நீங்கள் முதல் ஊசி போட்ட பிறகும் இறைச்சியை மிச்சம் வைக்கவில்லை. கண்ணி அறுத்த காலை ஊன்றி நடக்கிறது. நான் வழக்கம்போல் இறைச்சி வெட்டி, வாளி கழுவுகிறேன்.

நேற்று எங்கள் தோட்டத்து லய வீடுகளுக்கு நாய் ஊசி வேன் வந்தது. பதினான்கு நாய்களுக்குப் போட்டார்கள். எங்கள் வீட்டில் நாய் இல்லை.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள் அக்கா.

திவ்யதர்ஷினி


பகாங் முகாம்
8.3.2025

அன்புத் தங்கச்சி,

ஆறு மாதத்தில் நீ என்னிடம் பத்து வார்த்தை பேசியதில்லை. கடிதத்தில் ஒரு பக்கமே வந்துவிட்டது. அடிக்கடி எழுது.

பதினான்குதானா? நாங்கள் கணக்கெடுத்தபோது இருபத்தொன்று இருந்தனவே. விசாரி. டிஸ்டெம்பர் நாய்களின் நோய்தான், ஆனால் புலிக்கும் தாவும். மூளைக்கு ஏறினால் புலி பயம் மறந்து ரோட்டில் வந்து நிற்கும். அதற்கு மருந்து கிடையாது. ஓர் ஊசி போதாது. 24ஆம் தேதி இரண்டாவதைப் போட்ட பிறகுதான் காட்டில் விடுவோம். மூன்று மாதமாக இங்கே கேமராவில் ஓர் ஆண்புலி மட்டுமே தெரிகிறது. நம்முடைய பெண்புலிதான் அதற்குத் துணை.

லாரி காத்திருக்கிறது.

அன்புடன்,
ரோகினி


நியாலாஸ்
19.3.2025

அக்கா,

பொய் எழுதிவிட்டேன். எங்கள் வீட்டில் நாய் இருக்கிறது. பெயர் பிரவுனி. போன வருஷம் வேறொரு வேனில் வந்தவர்கள் லயத்து நாய்களைப் பிடித்துப் போனார்கள். ஒன்றும் திரும்பவில்லை. அதனால் வேன் சத்தம் கேட்டதும் பிரவுனியைக் குளியலறையில் அடைத்து, குரைப்பது கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டேன்.

நீங்கள் சொன்னபடி விசாரித்தேன். இன்னும் ஆறு வீட்டில் இதே கதை. பக்கத்து வீட்டுப் பிச்சைமுத்து மாமா அம்மாவிடம் சொன்னார்: “புலி ஆபீஸ்ல வேல செய்ற ஒங்க பொண்ணே நாய ஒளிக்குது. அப்புறம் நாங்க எப்படி நம்புறதுலா?”

அதற்குப் பிறகும் எழுதத் தைரியம் வரவில்லை. நான்கு நாளாகப் பிரவுனிக்குச் சளி, கண்ணில் பீளை. இன்று காலை வெறும் வாயை மென்றுகொண்டே இருந்து வலிப்பு வந்து விழுந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. மிஞ்சும் கோழிக் கழுத்துகளைப் புலியின் வாளியிலேயே வீட்டுக்குக் கொண்டுவருவேன். பிரவுனி அதற்குள் தலையை விட்டுத் தின்னும். மறுநாள் தண்ணீரில் அலசிவிட்டு அதே வாளியில்தான் புலிக்கு இறைச்சி போகும். நேற்று வரை.

இன்று காப்பக வேலிக்கு வெளியே நின்று காந்தன் அண்ணனிடம் எல்லாம் சொன்னேன். வழக்கமான சனிக்கிழமைப் பயணம்வரை காத்திராமல் இப்போதே இதை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்.

எனக்குப் பயமாக இருக்கிறது.

திவ்யதர்ஷினி


காப்பகம்
21.3.2025

திவ்யதர்ஷினி,

நேற்றே வந்துவிட்டேன். இரண்டு நாளாகப் புலி பாதி இறைச்சியை விட்டுவிடுகிறது. மூக்கு ஒழுகுகிறது. இரத்தம் எடுத்து அனுப்பியிருக்கிறோம். முடிவு வந்ததும் எழுதுவேன்.

நீ வேலிப் பக்கம்கூட வராதே. வேறு நாய்களையும் தொடாதே. ஞாயிற்றுக்கிழமை வேன் மறுபடி வரும். நாய்களிடம் வந்தால் புலியிடம் போக முடியாது, அதனால் நான் வர மாட்டேன். அந்த ஆறு வீட்டாரும் உன்னைப் பார்த்துத்தான் ஒளித்தார்கள். இனி யார் சொன்னால் கேட்பார்கள் என்று நீயே யோசி.

ரோகினி


நியாலாஸ்
23.3.2025, மாலை 4.10

டாக்டர் ரோகினி அக்காவுக்கு,

பிரவுனி நேற்று மதியம் செத்துவிட்டது.

இன்று வேன் வந்து நின்றதும் ஒரு கதவும் திறக்கவில்லை. லயத்தின் நடுவில் போய் நின்றேன். “எங்க நாய் செத்துப் போச்சு. வேன் கொல்லல. நான் ஒளிச்சதாலதான் செத்துச்சு,” என்றேன். யாருக்கும் கேட்டிருக்காது என்று இன்னும் சத்தமாகச் சொன்னேன். பிச்சைமுத்து மாமா வந்தார். “நீ கிட்ட வராதம்மா, நானே தூக்கிட்டு வரேன்,” என்றார். அவருக்குப் பிறகு மற்ற ஐந்து வீடும். ஆறுக்கும் ஊசி போட்டாயிற்று.

சற்று முன் காந்தன் அண்ணன் இரத்த முடிவு பற்றிய உங்கள் கடிதத்தை வாசலில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார். நான் இன்னும் பிரிக்கவில்லை. அதில் என்ன இருந்தாலும், நான் செய்ததை அதற்கு முன்பே செய்துவிட்டேன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். அதற்காகத்தான் மேலே நேரமும் எழுதினேன்.

உறை மெல்லியதாக இருக்கிறது. இப்போது பிரிக்கிறேன்.

திவ்யதர்ஷினி