பன்னிரண்டுக்கு நான்கு என்றால் நில்

அக்டோபர் 14, செவ்வாய்

மத்தியானத்திலிருந்து மழை. கொடித் துணி எல்லாம் நனைந்தது. நான் வேலை பார்க்கும் கிளினிக்கில் பல்வலிக்காரர்கள், ஒருவருக்கும் பொறுமை இல்லை.

கோப்பெங்கிலிருந்து கொழுந்தனார் முருகேசு போன். "அண்ணி, போன வருசம் அண்ணன் போன துக்கம், கொண்டாடல. இந்தத் தீபாவளிக்கு வந்துருங்கலா." சரி என்றேன். சாப்பாட்டுக்குப் பிறகு வழக்கம்போல பிளாக்ஜாக் சீட்டாட்டம் உண்டாம். சீட்டுப் போட்டு எல்லோரோடும் மோதுகிற பேங்கர் எப்போதும் என் வீட்டுக்காரர்தான். "அண்ணன் எடத்துல யாரு உக்கார்றதுன்னுதான் தெரில."

வாய் சும்மா இருந்தால்தானே. "நான் உக்கார்றேன்."

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "நீங்களா? அப்ப வடை யாரு சுடுறது?"

கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டு அடுப்படிதான் எனக்குத் தீபாவளி. கூடத்துக்கு முறுக்குத் தட்டு கொண்டுபோவேன், வைப்பேன், திரும்புவேன். எனக்கும் சொல்லித் தாங்க என்று இவரிடம் கேட்காத வருடம் இல்லை. அடுத்த வருசம் பார்ப்போம் என்பார். இந்த முறை உட்காரத்தான் போகிறேன்.

அக்டோபர் 15, புதன்

வாங்க வேண்டியது: உளுந்து, நெய், நல்லெண்ணெய், ஒரு கட்டு சீட்டு.

பினாங்கிலிருந்து மகள் நித்யா ஓர் அட்டவணை அனுப்பினாள். அவளும் அந்த அடுப்படியில் வளர்ந்தவள்தான், கூடத்து ஆட்டம் தெரியாது. இன்டர்நெட்டில் தேடிப் பிடித்தது. பச்சை, சிவப்பு, மஞ்சள் கட்டங்கள். இடது பக்கம் என் சீட்டுகளின் கூட்டு. மேலே, பேங்கர் திறந்து காட்டும் ஒரு சீட்டு. இரண்டும் சேரும் கட்டத்தில் பதில்: எடு, அல்லது நில். இருபத்தொன்றை நெருங்க வேண்டும், தாண்டினால் போச்சு.

"மொதல்ல ஆடக் கத்துக்குங்க, பேங்கர் அப்பறம். மனப்பாடம் பண்ணுங்கம்மா, போதும்." சுலபமாகச் சொல்லிவிட்டாள்.

என்னிடம் 12, பேங்கர் 4: நில். அதே 12, பேங்கர் 3: எடு. ஏன்? ஏஸ் ஒன்றாம், வேண்டுமானால் பதினொன்றாம். எங்கள் டாக்டர் வரும் நேரம் மாதிரி.

அக்டோபர் 17, வெள்ளி

வெயில். கோயிலுக்குப் போகவில்லை.

வீடியோவில் நித்யா பரீட்சை வைத்தாள். என்னிடம் 16, பேங்கர் 10. நில் என்றேன்.

"எடுக்கணும்மா."

"எடுத்தா தாண்டிருமே?"

"எடுக்காட்டியும் தோப்பீங்க. எடுத்தா கொஞ்சம் கம்மியா தோப்பீங்க."

கொஞ்சம் குறைவாகத் தோற்க இத்தனை பாடு! போனைக் கவிழ்த்து வைத்தேன். அதற்குள் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருந்தது. இவர் படத்தைப் பார்த்து வாய்விட்டுத் திட்டினேன். பக்கத்து வீட்டு அம்மா வேலியோரத்திலிருந்து, "யாருக்கா வந்திருக்கா?"

அக்டோபர் 19, ஞாயிறு

முறுக்கு முடிந்தது. தோள்பட்டை வலி. அட்டவணை மொத்தமும் மனப்பாடம், தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

முருகேசுவின் மனைவி வசந்தா போன். "அக்கா, வடைக்கு நீங்களே உளுந்து ஊறப் போட்டு கொண்டாந்துருங்க." முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு ஊறப் போட்டேன். என்மேலேயே எரிச்சல்.

அக்டோபர் 20, தீபாவளி

கோப்பெங். சாப்பாடு முடிந்ததும் கூடத்தில் மேசை போட்டார்கள். யாரும் வாய் திறப்பதற்குள் இவர் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். கலைத்தேன், எல்லோருக்கும் இரண்டிரண்டு போட்டேன். என் சீட்டில் ஒன்றைத் திறந்து வைத்தேன். ஆறு.

முருகேசு பதறிவிட்டார்.

"அண்ணி, என்னா செய்றீங்க? பேங்கர் சீட்டைக் காட்டக்கூடாதுலா!"

"காட்டாம எப்படி ஆடுறது?"

"நம்ம வீட்ல ரெண்டுமே மூடித்தான் இருக்கும்."

விழுந்து விழுந்து சிரித்தார்கள். அட்டவணை முழுக்க அந்தத் திறந்த சீட்டை நம்பித்தான். எங்கோ சூதாட்ட விடுதியில் ஆடுகிற கணக்காம் அது. ராத்திரி பகலாகப் படித்தது அத்தனையும் பாழ். எத்தனை வருடமாக அந்த மேசைக்குத் தட்டு கொண்டுபோகிறேன், சீட்டு மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்றுகூடப் பார்த்ததில்லை. பார்க்க யார் நிற்க விட்டார்கள்? அழுகை வந்தது. எழுந்து போய்விடலாமா என்று இருந்தது.

அடுப்படியிலிருந்து வசந்தா. "அக்கா, எண்ணெ காஞ்சிருச்சி!"

"நீயே சுடு வசந்தா. நான் பேங்கர்." போட்ட சீட்டுகளை வாரி மறுபடி கலைத்தேன். "தம்பி, உங்க வீட்டு ரூல் என்னா, சொல்லுங்க."

முருகேசு சிரிப்பதை நிறுத்தினார். "பதினாறு வர்ற வரைக்கும் எடுத்தே ஆகணும். அதுக்கப்பறம் மொகத்தைப் பாத்து, யாரு சீட்டை வேணுமோ தெறக்கச் சொல்லலாம். அஞ்சு சீட்டு எடுத்தும் தாண்டலன்னா ஜெயிப்பு. அவ்ளோதாண்ணி."

தோற்றேன், ஜெயித்தேன், மறுபடி தோற்றேன். தேத்தண்ணி வரும்வரை எழவில்லை.

அக்டோபர் 21, செவ்வாய்

லீவு. மேகமூட்டம். சேலையை உள்ளேயே காயப் போட்டேன்.

அவ்வளவுதானாம் ஆட்டம். முருகேசு ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டார். இவர் ஒரு தீபாவளிக்காவது சொல்லியிருக்கக் கூடாதா? ஜெயிக்கவா கேட்டேன்? பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேனே, மனுஷா.