வழுக்காத எண்ணெய்

அன்புள்ள மருமகள் சுண்டெலிக்கு,

ஏழு நிறங்களுக்கும் அவற்றின் எழுநூறு பிள்ளைகளுக்கும் அதிபதியும், இந்தத் தெருவின் ஒரே பெயின்ட் கடைக்கு மாமன்னனும், உனக்கு ஒரே தாய்மாமனுமாகிய நான் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். என் வலது முழங்கால் மட்டும் தனி நாடு கேட்டுப் போராடிக்கொண்டிருக்கிறது. அங்கே குளிர் எப்படி? உன் ஊரில் சுவருக்கு பெயின்ட் அடித்தால், அது காய்வதற்குள் அடித்தவனுக்குப் பேரன் பிறந்துவிடுவான் என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இதுவரை ஒருவரும் மறுக்கவில்லை.

உன் விடுமுறை விஷயத்தை அக்கா சொன்னாள். இங்கே வருவதா, தோழிகளோடு அங்கேயே எங்காவது சுற்றிவிட்டு வேலைக்குத் திரும்புவதா என்று நீ இன்னும் முடிவு செய்யவில்லையாம். "வந்து என்னம்மா பண்றது? அப்பா மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு உட்கார்ந்திருப்பார்" என்றாயாம். நியாயம்தான். நீ வேலைக்குக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அவரிடம் சொன்னாய். அவர் "போறவ போகட்டும்" என்றார். வாசலில் கார் சும்மா நிற்க, நீ டாக்ஸியில் விமான நிலையம் போனாய். அதைப் பற்றி இரண்டு பக்கமும் பேசப் போய், இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். மறுபடி பேச மாட்டேன். கியர்பாக்ஸ் ஆயிலைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

நம் பட்டத்து யானை, அதுதான் உன் அப்பாவின் பழைய கார், நன்றாக இருக்கிறது. வயதுக்கேற்ற சில தள்ளாமைகள் உண்டு. இடது கதவு உள்ளிருந்து திறப்பதில்லை. உன் அப்பா அதைத் தினமும் துடைக்கிறார். தன் மருந்துக் கடைக்கு அதில்தான் போகிறார், வருகிறார். ஆனால் நீ போன நாளிலிருந்து அந்த ஓவர்டிரைவ் ஸ்விட்சை அவர் தொட்டதே இல்லை. கடைசி கியரில் வண்டி மூச்சு முட்ட ஓடும்போது, அந்தச் சின்ன ஸ்விட்சைத் தட்டினால் மேலே இன்னொரு மாடி திறந்தாற்போல இன்ஜின் நிம்மதியாக இறங்குமே, அதை. அப்பா "இப்போ" என்பார், நீ தட்டுவாய். நீ தட்டாத ஸ்விட்ச் யாரும் தட்டாத ஸ்விட்சாகிவிட்டது. பக்கத்து சீட்டும் அப்படித்தான். எத்தனை மைல் போனாலும் என்னைப் பின்னால்தான் உட்கார வைக்கிறார். ஊருக்குள் நான் மந்திரி போலப் போய்க்கொண்டிருக்கிறேன். இரண்டு பேர் மனுக் கொடுக்க வந்தார்கள்.

அக்கா உன் போன் விஷயத்தைச் சொன்னபோது உன் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையைக் கழுவிக்கொண்டு நேரே போய் காரின் பானெட்டைத் தூக்கினார். மறுநாள் என் கடைக்கு வந்து, "மாப்ளே, கியர்பாக்ஸ் ஆயில் மாத்தி ரொம்ப நாளாச்சு, இல்லே?" என்றார். அரை வார்த்தை போதுமே எனக்கு. உடனே கிளம்பிப் போய், உலகத்திலேயே உயர்ந்த ஆயிலை வாங்கி வந்தேன். ஆயிலைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? டப்பாவைப் பற்றித் தெரியும். தங்க நிறம், மேலே பந்தயக் கார், பின்னால் நெருப்பு. பன்னிரண்டு மொழிகளில் "வழுக்கும், வழுக்கும், இன்னும் வழுக்கும்" என்று எழுதியிருந்தது. ஒரு சொட்டைத் தரையில் விட்டால் பக்கத்து மாகாணம் வரைக்கும் போய்த்தான் நிற்கும். உன் அப்பா மருந்துச் சீட்டைப் படிப்பது போலக் கண்ணாடியை ஏற்றி ஏற்றிப் பார்த்தார். நான்தான், "மச்சான், இதைவிட ஒசந்தது சொர்க்கத்துலதான் விக்கிறான்" என்று ஊற்ற வைத்தேன்.

அடுத்த நாள் மத்தியானம், கடையில் கூட்டமில்லாத நேரம், வந்து நின்றார். சட்டையெல்லாம் வியர்வை. "உன் ஆயில் சரியில்லை மாப்ளே. பிடிக்குது, விடுது, பிடிக்குது, விடுது."

"எது மச்சான்? கியர் வெண்ணெய் மாதிரி விழுதுன்னு காலையிலதானே சொன்னீங்க?"

அவர் வண்ண அட்டையை எடுத்து, அதில் உள்ள எல்லா வெள்ளைகளையும் ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். கடைசி வெள்ளைக்கு வந்ததும், "கியர் நல்லாத்தான் இருக்கு. அதுக்கு மேல இருக்கே, அது" என்றார்.

சுண்டெலி, என் சங்கடத்தை யோசித்துப் பார். எதிரே ஒரு மனிதர் கையும் களவுமாக நிற்கிறார். ஓவர்டிரைவ் வழுக்குகிறது என்று தெரிய வேண்டுமானால் ஸ்விட்சைத் தட்டியிருக்க வேண்டும். தட்ட வேண்டுமானால் ஊருக்குள் முடியாது, நெடுஞ்சாலைக்குப் போயிருக்க வேண்டும். மருந்துக் கடையைப் பூட்டிவிட்டு, உச்சி வெயிலில், தனியாக. இந்த மண்டலத்தின் மிகப் பெரிய வாயாடியாகிய நான் என்ன செய்தேன் தெரியுமா? டப்பாவைத் திறந்து தின்னரை வீணாகக் கலக்கிக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் காருடன் வந்த பழைய கையேட்டை எடுத்துப் படித்தோம். விஷயம் இதுதான்: கியர்பாக்ஸும் ஓவர்டிரைவும் ஒரே ஆயிலைத்தான் குடிக்கின்றன. பல் சக்கரங்களுக்கு வழுக்கல் வேண்டும். ஓவர்டிரைவுக்குள் இருக்கும் கிளட்சோ ஆயிலுக்குள் முங்கிக்கொண்டே கவ்வ வேண்டும். என் தங்க டப்பாவைப் போல வழுக்குவதற்கென்றே மருந்து சேர்த்த ஆயிலை ஊற்றினால், அது எதைக் கவ்வும்? போதாக்குறைக்கு, உள்ளே இருக்கும் பித்தளை வளையங்களுக்கும் அந்த மருந்துகளில் சில ஆகாதாம். கையேடு கேட்பது மருந்து கலக்காத, சாதாரண, கெட்டியான ஆயில். டப்பாவில் படமே இல்லை. ஒரு பெயின்ட் கடைக்காரனின் மானம் அன்று போயிற்று.

வடித்தோம். ஒரு தடவை வடித்தால் மூலையில் தங்குகிறது என்று சாதா ஆயிலை ஊற்றி, ஓட்டி, மறுபடி வடித்தோம். ஓவர்டிரைவின் வடிகட்டியைக் கழற்றிக் கழுவினோம். உன் அப்பா அடியில் படுத்திருந்தார். நான் தட்டைப் பிடித்தேன். பிடித்த லட்சணத்தில், என் தலையில் மிச்சமிருக்கும் முடிகள் இன்றுவரை சீப்புக்கு அகப்படுவதில்லை. அக்கா வந்து பார்த்தாள். "பெத்த பொண்ணுக்கு ஒரு போன் போட இந்த மனுஷனுக்கு வாய் வரலை. காருக்கு அடியில படுத்து முனகத் தெரியுது" என்றாள். அடியிலிருந்து, "பத்தாம் நம்பர் ஸ்பானரைக் குடு" என்று பதில் வந்தது. அக்கா ஸ்பானரைக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு உடனே போகவில்லை. காரின் நிழலிலேயே கொஞ்ச நேரம் நின்றாள்.

நேற்று ஓட்டிப் பார்த்தோம். நான் வழக்கம் போலப் பின்னால், மந்திரியாக. நெடுஞ்சாலை ஏறியதும் உன் அப்பா வேகம் பிடித்தார். கை ஸ்விட்சுக்குப் போயிற்று, திரும்பியது, மறுபடி போயிற்று. தட்டினார். கவ்வியது! இன்ஜின் சத்தம் இறங்கி, ஜன்னல் காற்று மட்டும் கேட்டது. அந்த அமைதியில், என்னிடம் அல்ல, முன் கண்ணாடியிடம் சொல்வது போலச் சொன்னார்: "சின்னப் பிள்ளையா இருக்கறப்ப அவளுக்குக் கை எட்டாது. சீட்டு நுனிக்கு வந்து உட்கார்ந்துக்குவா. நான் 'இப்போ' சொல்றதுக்குள்ள தட்டிடுவா." விமானப் படம் போட்ட பலகை இருக்குமே, பாதை பிரியும் இடம், அங்கே ஓரமாக நிறுத்தி இறங்கி, பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். "என்ன மச்சான்?" என்றேன். "வழியை மாத்தியிருக்கானான்னு பார்த்தேன்" என்றார். வழி அப்படியேதான் இருக்கிறது.

இதை எழுதி முடிக்கப்போகும் நேரத்தில் அவரே கடைக்குள் வந்துவிட்டார். யாருக்கு எழுதுகிறேன் என்று கேட்டார். பெயின்ட் கம்பெனிக்கு என்றேன். கடிதத்தின் முதல் வரி அவர் கண்ணுக்கு நேரே, தலைகீழாக, பளிச்சென்று இருந்தது. படித்தாரா இல்லையா, எனக்குத் தெரியாது. வாசல் வரை போனவர் திரும்பி வந்து, "பெயின்ட் கம்பெனிக்கு இதையும் சேர்த்து எழுதிடு மாப்ளே. ராத்திரி வந்து சேர்ற ஃப்ளைட்டா எடுக்க வேண்டாம். நம்ம வண்டிக்கு ஹெட்லைட் மங்கல். பகல்ல இறங்கினா நல்லது" என்றார். "நான் சொன்னேன்னு போடாதே."

போடவில்லை. நானே சொல்வதாக வைத்துக்கொள்.

உனக்கு எல்லா நலமும் உண்டாகட்டும். எந்த ஊரில் இருந்தாலும் உன் பாதை நேராகவும் வெளிச்சமாகவும் இருக்கட்டும். டிக்கெட் எடுக்கும்போது மட்டும், என் தங்கமே, நேரத்தைப் பார்த்து எடு. பகலில் இறங்கு.

எப்போதும் உனக்கு ஆசியில் குறை வைக்காத,
உன் மாமன்.